புளியமரத்தாண்ட பத்து வாட்டி

மலையிலிருந்து திருப்பத்தூர் இறங்கும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“எம்மேல சாமி எதுவும் வரல மச்சான்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பின்ன இன்னாத்துக்குக் கண்ண மூடிகினு புளியமரத்தாண்ட கத்தின?”

“புஸ்தகத்துல போட்டிருந்துச்சி. தெனம் காலைல தனியா நின்னு, ‘எனக்குப் பயமில்ல, என்னால முடியும்’னு பத்து வாட்டி சத்தமா சொல்லணுமாம். கூச்சம் போயிடுமாம். பட்டா மனுவ எடுத்துகினு ரெண்டு வாட்டி தாலுக்கா ஆபீசு போய்ட்டு, வாயே தொறக்காம திரும்பி வந்தவன்தானே நானு.”

“ஊரே வேப்பிலையோட வந்து உங்கால்ல வுழுந்துச்சே!”

“அதான் வம்பாப் போச்சி. சந்தவாசல்லருந்துகூட குறி கேக்க வர்றாங்க. நேத்து ஒரு அம்மா, பொண்ணு பேசறதில்லன்னு அழுவுது.”

“நீ இன்னா சொன்ன?”

“எனக்கு இன்னா தெரியும்? பயப்படாத, உன்னால முடியும்னேன். கண்ணத் தொடச்சிகினு நேரா பொண்ணு வூட்டுக்கே கெளம்பிடுச்சி.”

மச்சான் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. மடியிலிருந்த மனுவை நீவிக்கொண்டே இருந்தார்.

“ஊருக்கெல்லாம் நான் சொல்றேன். எனக்கு நானேதான் சொல்லிக்கணும். இன்னைக்காவது வாய் வருமான்னு தெரியல.”

தாலுக்கா ஆபீஸ் நிறுத்தம் வந்தது. படியில் மச்சான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “பயப்படாத மச்சான். உன்னால முடியும்.”

எனக்குப் பின்சீட்டிலிருந்து ஒரு பாட்டி, “இன்னும் ஒம்போது வாட்டி சொல்லுங்க” என்றார்.

ஊதப் போன கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.