மாப்பிள்ளை கேட்காத எழுத்து

டயர் வாங்க வருகிறவர்கள், பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பதுபோல், பக்கவாட்டில் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். அது தேய்மான எண். கூடக் கூட டயர் அதிக நாள் உழைக்கும். அதன் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். ஒன்று சூடு தாங்குவதற்கு, இன்னொன்று ஈரச் சாலையில் நிற்பதற்கு. அவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற கடைக்காரன் நானில்லை, ஐயா.

மாப்பிள்ளையும் கேட்கவில்லை. என் தங்கை புருஷன். மலைமேல் ஓர் ஊருக்கு மாற்றலாகி, அவளையும் கூட்டிக்கொண்டு போவதற்காக நாலு டயரும் மாற்ற வந்தார். அம்மா போனபின் அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவன் நான். "வருஷத்துக்கு ஒருதரம் வந்து பாக்கிறோம் மச்சான்" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எது ரொம்ப நாள் உழைக்கும் என்று கேட்டார். கடையிலேயே பெரிய எண் உள்ளதைக் காட்டினேன். அதில் பொய் இல்லை. ஈரத்துக்கான எழுத்து அதில் 'சி'. அதற்குக் கீழே எழுத்தே கிடையாது. மலையில் எந்நேரமும் மழை, மனிதரோ வளைவிலும் வேகத்தைக் குறைக்காதவர். டயர் மாட்டுகிறவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். அவனை டீ வாங்க அனுப்பிவிட்டு நானே மாட்டினேன். மாப்பிள்ளை வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டது தங்கைதான். கிளம்பும் காலையில் போன் செய்தாள். "அண்ணா, மழை விடவே இல்ல. இந்த டயர் பிடிக்குமா? நாளைக்குப் போகட்டுமா?"

"நான் பாத்துப் போட்ட டயர். தைரியமாப் போ" என்றேன்.

அவளும் காரில் இருப்பாள் என்பதை யோசிக்காமல் இல்லை. அடிபட்டால் நான் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். ஒரு வளைவில் பிரேக் போட்டிருக்கிறார், கார் நிற்கவில்லை. அவர் அங்கேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

இப்போது அவள் தன் பழைய அறையில் இருக்கிறாள். விபத்துக்கு முந்தின நாளே புது மெத்தை போட்டு வைத்திருந்தேன். நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். வலியில் ஏதோ சொல்லியிருப்பாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். நான் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?