தோற்றதற்குக் கூலி

— அப்போ அந்த ரஷ்யக் கரடி நீங்கதான்னு ஒத்துக்கறீங்க, மிஸ்டர் நோவாக்?

— ஆமாங்க மேடம். நாந்தானுங்க.

— டேய் டுவேன், கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதேன்னு காலையிலயே சொன்னேன்ல?

— கேட்டதுக்குத்தான் சொல்றேன் கோச். கரடியான்னு கேட்டாங்க, ஆமான்னேன்.

— மிஸ்டர் ஹாகன், நீங்க இவரோட பயிற்சியாளர்ங்கறதால பக்கத்துல உக்கார விட்டிருக்கேன். பதிலை அவர் சொல்லட்டும். டேப் ஓடிட்டிருக்கு, அதனால முறைப்படி ஒரு தடவை சொல்லிடறேன். தேதி, தொண்ணூத்து நாலு பிப்ரவரி ஒன்பது. விசாரிக்கறது ஆல்பர்ட்டா கென்ட், கல்லூரி விளையாட்டுச் சங்கத்து அதிகாரி. மிஸ்டர் டுவேன் நோவாக், மல்யுத்த அணியில உங்களுக்கு இது கடைசி வருஷம். போன கோடையில இந்த அயோவா மாநிலத்துல ஒன்பது ஊர் பொருட்காட்சியில, முகமூடி போட்டுக்கிட்டு, காசு வாங்கிட்டு மல்யுத்தம் பண்ணியிருக்கீங்க. சரியா?

— காசு வாங்குனது சரிங்க. மல்யுத்தம் பண்ணுனேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் சரியில்லீங்க.

— புரியல.

— நான் விழுந்தேனுங்க மேடம். ஒன்பது ஊர்லயும் விழுந்தேன். கரடின்னா மேடை ஏறி உறுமணும், முன்வரிசையில இருக்கிறவங்க கையில இருக்கிற சோளப்பொரியைப் பிடுங்கித் திங்கணும், அவங்க கெட்ட வார்த்தையில வையணும். கடைசியில அயோவா இடின்னு பேர் வெச்ச இன்னொரு முகமூடி வந்து தூக்கி அடிக்கும், நான் மல்லாக்கச் சாயணும். அதுக்குத்தான் கூலி. எட்டு வயசுல இருந்து நான் படிச்ச ஒரே பாடம் முதுகு தரையில படக்கூடாதுங்கறது. அதைத் தலைகீழாச் செஞ்சதுக்குக் குடுத்தாங்க. இதெப்படிங்க ஒரே விளையாட்டாகும்?

— சாமர்த்தியமா பேசறீங்க. ஆனா சங்கத்தோட விதிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மேடை, ரெண்டு பேர், டிக்கெட். சுவரொட்டியில 'மல்யுத்தம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

— அதே சுவரொட்டியில 'சைபீரியாவுல இருந்து நேரா வருகிறது'ன்னும் போட்டிருக்குங்க. நான் வந்தது எங்க பன்னிப் பண்ணையில இருந்து. நாப்பது மைலு.

— சிரிக்காதடா! மேடம், இவனுக்கு சிரிச்ச மூஞ்சி. மரியாதை இல்லாம இல்ல.

— எனக்குத் தெரியுது மிஸ்டர் ஹாகன்.

— ஒண்ணு கேக்கட்டுங்களா மேடம்? என்னைப் பத்திப் புகார் எழுதிப் போட்டது யாரு?

— பேர் போடல. உள்ளூர்ப் பத்திரிகையில வந்த படத்தை வெட்டி அனுப்பியிருந்தாங்க. முகமூடி உங்க முகத்தை மறைச்சுது, காதை மறைக்கல.

— மேடம், காதை வெச்சு ஆளைப் பிடிச்சா இந்த மாநிலத்துல பாதிப் பேரை உள்ள தள்ளணும்! மேட்ல, அந்த மல்யுத்த மெத்தையில புரண்டவன் எவனுக்கும் காது பூக்கோசு மாதிரிதான் இருக்கும். இவன் கோச், என் காதையும் பாருங்க!

— இவருக்கு இடது காது மேல் மடிப்புல தையல் போட்ட தழும்பு இருக்கு. உங்க கல்லூரிக் காலண்டர்ல, மார்ச் மாசத்துப் படத்துலயும் அதே தழும்பு.

— அந்தக் காலண்டரை ஸ்டேடியம் வாசல்ல போட்டு விக்கிறாங்க மேடம். என் மூஞ்சி, என் காது. எனக்கு ஒண்ணு சும்மாக் குடுங்கன்னு கேட்டேன். குடுத்தா அது விதி மீறல்னுட்டாங்க. எங்கம்மா வரிசையில நின்னு காசு குடுத்து வாங்கிட்டுப் போச்சு.

— அந்த விதி நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணு. இது தப்புன்னு தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?

— தெரியாம! தெரியாமத்தான் மேடம். எழுதிக்குங்க. கோடையில நான் பசங்களுக்கு விதி எதையும் விளக்கிச் சொல்லல, அது என் மேல தப்பு.

— தெரிஞ்சேதானுங்க மேடம்.

— டுவேன்!

— வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு தாள் குடுப்பாங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறோம். நாலு தடவை போட்டாச்சு. நான் படிக்கத் தெரியாதவன் இல்லீங்க.

— மேடம், ஒரு நிமிஷம் டேப்பை நிறுத்துங்க. இவன் வீட்டுல கஷ்டம். அப்பாவுக்கு இடுப்பு, அம்மாவுக்கும் உடம்பு...

— எங்கம்மாவுக்கு என்ன கோச்? நேத்துக்கூட முட்டியளவு பனியை அள்ளி வழி பண்ணிட்டு, அப்பாவைத் திட்டிக்கிட்டே பன்னிக்குத் தண்ணி காட்டிட்டு வந்துச்சு. அதைப் போய் நோயாளி ஆக்காதீங்க. தெரிஞ்சா என்னை விட உங்களைத்தான் உதைக்கும்.

— அப்ப எதுக்கு அந்தக் காசு, மிஸ்டர் நோவாக்?

— என் பழைய லாரிக்குக் கியர்பாக்ஸ் போயிடுச்சுங்க. ரெண்டாவது கியரே விழாது. அதை மாத்துனேன். வேற ஒண்ணும் இல்ல. நான் அழுதா தண்டனை குறையும்னா அந்தக் கொறைச்சல் வேண்டாங்க.

— இப்படிச் சொல்ற முதல் ஆள் நீங்க. இந்த நாற்காலியில உக்காந்த எல்லாருக்கும் ஒரு நோயாளி அம்மா இருந்தாங்க.

— அப்புறம் இன்னொண்ணும் எழுதிக்குங்க மேடம். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. இங்க மேட்ல நான் ஜெயிச்சா எங்க வீட்டு ஆளுங்க நாலு பேரு கை தட்டுவாங்க. அங்க நான் தோத்தா ரெண்டாயிரம் பேரு எந்திரிச்சு நின்னு கத்துனாங்க. கிழவிங்க செருப்பைக் கழட்டி அடிச்சாங்க. அவ்வளவு சந்தோஷத்தை நான் யாருக்கும் குடுத்ததில்லீங்க.

— டேய்... போதும்டா.

— சரி. குறிச்சுக்கிட்டேன். இப்ப தண்டனைக்கு வர்றேன். தெரிஞ்சே காசு வாங்கினா ஒரு முழு வருஷத் தடை. உங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாதுங்கறதால இதோட முடிஞ்சுது. இந்த வருஷம் நீங்க ஜெயிச்ச இருபத்தியோரு போட்டியும் அழிக்கப்படும். மார்ச்சுல தேசியப் போட்டிக்குப் போக முடியாது.

— மேடம், இந்த எடையில இவனைத் தொட இந்த நாட்டுல ஆள் இல்ல. ஒருத்தன் இல்ல!

— எனக்குத் தெரியும் மிஸ்டர் ஹாகன். நான் ஜனவரியில வந்து பார்த்தேன்.

— ஒரு கேள்விங்க மேடம். இந்தக் காலேஜு புட்பால் டீம்ல பத்தாம் நம்பர் போட்டு ஆடுறாரே, அவரு போன வருஷம் பூரா ஒரு வியாபாரி குடுத்த புதுக் காரை ஓட்டிட்டுத் திரிஞ்சாரு. அவருக்கு என்ன குடுத்தீங்க?

— ஒரு ஆட்டம். முதல் பாதி மட்டும் வெளிய உக்காந்தார்.

— அரை ஆட்டம்!

— அது தப்புன்னு தனக்குத் தெரியாதுன்னு அவர் எழுதிக் குடுத்தார்.

— ஓஹோ. அப்ப பொய்க்கு அரை ஆட்டம், உண்மைக்கு ஒரு வருஷமுங்களா?

— டுவேன், வார்த்தையை அளந்து பேசு.

— அளந்துதான் பேசறேன் கோச். அளவைப் பத்தித்தானே பேச்சே! மேடம், எனக்குத் தண்டனையே வேண்டாம்னு நான் சொல்லல. விதி இருக்கு, மீறுனேன், குடுங்க. என் தப்பு எவ்வளவோ அவ்வளவு குடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

— உங்க கணக்குல அது எவ்வளவு?

— நாலு போட்டி வெளிய உக்காரறேன். வாங்குனதைத் திருப்பி எங்கயாச்சும் ஒரு தர்ம காரியத்துக்குக் கட்டறேன். தெரிஞ்சு செஞ்சவனுக்கு அது வலிக்கும். ஆனா நியாயமா வலிக்கும்.

— ஆச்சரியமா இருக்கு. என் பையில இருக்கற இன்னொரு தாள்ல கிட்டத்தட்ட அதேதான் இருக்கு. நாலு போட்டி, பணத்தைத் திருப்பறது. மார்ச்சுக்கு நீங்க போகலாம்.

— மேடம்! அதை முதல்லயே சொல்லக் கூடாதா? எங்க கையெழுத்து? பேனா இருக்கா? டேய், பேனா எடு.

— ஒரு நிபந்தனை இருக்கு மிஸ்டர் ஹாகன். விசாரணைக்கு முழுசா ஒத்துழைக்கணும். அந்த மேடையில ரெண்டு முகமூடி இருந்துச்சு. ஒண்ணு இங்க உக்காந்திருக்கு. அந்த அயோவா இடி யாரு?

— அது எனக்குத் தெரியாதுங்க.

— மிஸ்டர் நோவாக், இவ்வளவு நேரம் ஒரு பொய் சொல்லல நீங்க.

— சரிங்க. தெரியும். சொல்ல மாட்டேன்.

— உங்க அணியில இருக்கற கெல்லரா? அவருக்கும் அதே உயரம்.

— கெல்லர் கோடை பூரா அவங்க மாமா கூட கூரை போட்டுட்டிருந்தான். வெயில்ல தோல் உரிஞ்சு வந்தான், கேட்டுப் பாருங்க. அவன் இல்ல.

— அப்போ வேற மாணவரா? நடத்தினவங்க முகவரி இல்லாமப் போயிட்டாங்க, அவங்களைக் கேக்க வழியில்ல. உங்க கூட ஒன்பது ஊருக்கு வந்திருக்கார். ஒரே வண்டியிலதான் போயிருப்பீங்க.

— போனோமுங்க. வழியில கடையில நிறுத்தி, தட்டை விடப் பெருசா பொரிச்ச பன்னிக்கறி ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் போவோம். அவரு கடுகு சாஸ் போட்டுக்க மாட்டாரு.

— 'அவரு.'

— என்னங்க?

— கெல்லரை 'அவன்'னு சொன்னீங்க. இவரை 'அவரு'ன்னு சொல்றீங்க. அப்ப கூடப் படிக்கறவர் இல்ல.

— எங்க வீட்டுக் கிடா பன்னியைக்கூட நான் அவருன்னுதாங்க சொல்லுவேன்.

— மிஸ்டர் நோவாக்.

— அவரைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றனுங்க. ஜெயிச்சதும் நடுவர் வந்து அவர் கையைப் பிடிச்சு மேல தூக்குவாரு. முதல் ஊர்ல அப்படித் தூக்குனப்ப நான் கீழ கெடந்து பார்த்தேன். முகமூடிக்குள்ள அழுதுட்டிருந்தாரு. அதுக்கப்புறம் எட்டு ஊர்லயும் நான் இன்னும் நல்லா விழுந்தேன். அந்த மனுசன் பேரை நான் ஒரு தாள்ல எழுதிக் குடுக்கறதா? மார்ச்சுக்காகவா?

— மார்ச்சுக்காகத்தாண்டா! பதினாலு வருஷமா எடை குறைக்க எச்சில் துப்பித் துப்பி, பட்டினி கெடந்து, எதுக்குடா செஞ்சே? சொல்லிடு. பேரைச் சொல்லித் தொலை. அந்த ஆளுக்கு வர்றது வரட்டும். வளர்ந்த ஆம்பளைதானே, அவனுக்கு வாய் இல்லையா? அவனே பேசிக்குவான்.

— வாய் இருந்தா இந்நேரம் பேசியிருக்கணும் கோச்.

— ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடறேன் மேடம்.

— மேடம், நீங்க சொல்லுங்க. ஒரு தாள்ல நாலு போட்டி, ஒரு தாள்ல ஒரு வருஷம். நான் செஞ்சது ரெண்டுலயும் ஒண்ணுதான். அப்ப மிச்சத் தண்டனை எதுக்கு? வாயை மூடிட்டிருந்ததுக்கா? என் தப்பை விட என் வாய் பெருசா?

— நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. இந்தக் கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. விதி இருக்கு.

— அப்ப அதையும் டேப்ல ஏத்துங்க. பதில் இல்ல, விதி இருக்குன்னு.

— ஏறியாச்சு. கடைசியா ஒரு தடவை கேக்கறேன். பேர்?

— இல்லீங்க.

— யோசிக்க நாள் வேணும்னா நாளைக்குக்கூட...

— நாளைக்கும் இதேதானுங்க. நாளைக்குக் கேட்டா இதை விட மோசமா சொல்லுவேன். அந்த ஒரு வருஷத் தாளையே குடுங்க.

— படிச்சுட்டுப் போடுங்க. கீழே இருபத்தியோரு போட்டியோட பட்டியல் இருக்கு. அதையும் ஒத்துக்கறதா அர்த்தம்.

— அழிச்சுக்குங்க. தாள்ல அழிச்சா அந்த இருபத்தியோரு பேரும் எந்திரிச்சு நின்னுருவாங்களா? மல்லாந்தவன் மல்லாந்தவந்தான். எங்க, இந்தக் கோட்டு மேலயா?

— ஆமா. தேதியும் போடணும்.

— பேனாவைக் கீழ வை.

— விடுங்க கோச். முடிஞ்சுது.

— வைடா கீழ!

— கோச், உக்காருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க வெளிய போய்க் காத்தாட நில்லுங்க, நான் வந்துடறேன்.

— மிஸ்டர் ஹாகன், கையெழுத்தைத் தடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

— தடுக்கல மேடம். அந்தத் தாள் இவனுக்கு அளவு சரியில்ல. புதுசா ஒண்ணு எடுங்க.

— யார் பேர்ல எடுக்கறது?

— கோச், சத்தியமாச் சொல்றேன், வேண்டாம். மேடம், டேப்பை நிறுத்துங்க!

— ஓடட்டும் மேடம். அயோவா இடியோட பேரைத்தானே இவ்வளவு நேரமாக் கேட்டீங்க, மெர்ல் ஹாகன்னு எழுதிக்குங்க. வர மாட்டேன்னு நின்ன இவனைக் கையைப் பிடிச்சு அந்த வண்டியில ஏத்தினவனும் நான்தான்.