மாமியாரின் எச்சில் பற்றி நான் சொல்வது

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது நாற்பத்தொன்பது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவது, அவர்கள் துப்பும் தொட்டியைக் கழுவுவது எல்லாம் என் வேலை. ஆகவே எச்சிலைக் கண்டு எனக்கு அருவருப்பு கிடையாது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னால் அருவருப்பு என்று நான் சொல்வது வேறு விஷயம்.

எங்கள் வீடு ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. நானும், குளிர்பதனக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரரும், எண்பத்தொரு வயதான என் மாமியாரும் அங்கே குடியிருக்கிறோம். மாமியாருக்குச் சில வருடமாக ஞாபக மறதி. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் கேட்டால் இல்லை என்பார். மருமகள் பட்டினி போட்டுக் கொல்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் புகார் கொடுப்பார். அந்தம்மாவும் தலையாட்டிவிட்டு எனக்குக் கண் ஜாடை காட்டுவார். ஆனால் மனதில் ஆழமாகத் தைத்த விஷயம் எதையும் மாமியார் மறந்ததில்லை. அதிலும் அவருடைய அம்மா பேச்சு என்றால் முகமே மாறிவிடும்.

என்மேல் இந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்திருப்பவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். நிலத்தை அளந்த கை சும்மா இருக்காமல், இப்போது சொந்தபந்தத்தை அளந்துகொண்டிருக்கிறது. போன வருடம் ஃபேஸ்புக்கில் என் நாத்தனாரைத் தேடிப் பிடித்து, மாமியாரின் அப்பாவும் தன்னுடைய தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லி, இருநூறு பேருக்கு மேல் இருக்கிற வம்சாவளி வாட்ஸப் குரூப்பில் எங்கள் எல்லாரையும் சேர்த்தார். அந்த குரூப்பில் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் 'ஆணிவேர்'. அந்த முறைப்படி மாமியார் அவருக்கு அத்தை, நான் தங்கச்சி. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று நான் அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான்.

அதன் பிறகு தினமும் காலை வணக்கம், பூப்படம், யாருக்கு யார் என்ன முறை என்கிற சண்டை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற ஆட்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அப்போதுதான் நேரில் பார்த்தேன். இதில் எங்கள் நாத்தனாரின் வீட்டுக்காரருக்குத்தான் கொண்டாட்டம். அவரை வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளை என்போம். வந்து சேர்ந்த மருமகனுக்கு வம்சாவளியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். ஆணிவேர் அவரைக் 'கிளைப் பொறுப்பாளர்' என்று போட்டு, கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டையும் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை அதைத் தொங்கவிட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போனதை நானே பார்த்தேன்.

அதன் பிறகு ஆணிவேர் எனக்குப் போன் செய்து, எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் ரத்த சம்பந்தம் யார் யார் என்று சொல்கிற கம்பெனி ஒன்று இருப்பதாகவும், தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகவும், உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர் அத்தைதான் என்பதால் அவருடைய எச்சில் வேண்டும் என்றும் சொன்னார். நான் முடியாது என்றேன். மாமியார் சாப்பிடும் மாத்திரைகளால் அவருக்கு வாய் எப்போதும் காய்ந்தே இருக்கும். வீட்டில் இருக்கும்போது மணிக்கொரு தரம் ஈரத்துணியால் நான் உதட்டைத் துடைத்துவிடுகிறேன். இதையும் எடுத்துச் சொன்னேன். சரி தங்கச்சி என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, நான் ஆஸ்பத்திரியிலும் என் வீட்டுக்காரர் கிடங்கிலும் இருந்த நேரத்தில், நாத்தனாரிடம் இருக்கும் சாவியால் வீட்டைத் திறந்து அவரும் மாப்பிள்ளையும் ஆணிவேருமாக மூன்று பேரும் உள்ளே போயிருக்கிறார்கள். நான் மத்தியானம் வந்தபோது மாமியாரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, நாத்தனார் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆணிவேர் ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையால் நறுக்கிய எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு, "துப்புங்க அத்தை, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மாமியாரின் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தண்ணி என்றார். குழாயில் பிடிப்பதற்கு முன் அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்பது கம்பெனி விதியாம். எச்சில் ஊறாமல் ஊறாமல் அந்த அரைமணி நேரத்தைக் காலையிலிருந்து நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

 நான் தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் வீணாப்போச்சே என்று ஆணிவேர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று பேரையும் முன் அறைக்குப் போகச் சொல்லிவிட்டு, மாமியாரைப் படுக்கவைத்து உதட்டுக்கு வெண்ணெய் தடவினேன். பாத்ரூம் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் முன் அறைக்கு வந்தபோது மாப்பிள்ளை கையில் குழாய் நிறைந்திருந்தது. எப்படி என்று ஆணிவேர் கேட்டதற்கு, அத்தையிடம் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்ததாக மாப்பிள்ளை சொன்னார். நானும் அதை நம்பிவிட்டேன். அவர்கள் போனால் போதும் என்றிருந்தது.

அதன் பிறகு ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. ஆணிவேருக்கும் அத்தைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று வந்திருக்கிறது. இந்த மனிதர் என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை. குரூப்பில் எல்லாரும் கேட்கும்படி பேசிப் போட்டார். நாத்தனார் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, என்னவோ ஏதோ என்று அதை ஸ்பீக்கரில் போட்டார். அவர் பேசியது வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அத்தை நம்ம ரத்தம் இல்லை. விஞ்ஞானம் பொய் சொல்லாது. அவங்க அம்மா நம்ம சின்னத் தாத்தாவுக்கு மட்டும்தான் பெத்தாங்களான்னு இனிமே நாம யாரும் உறுதியா சொல்ல முடியாது."

அதற்குக் கீழே கைகூப்பும் படம் போட்டவர்கள் இருக்கிறார்கள். அழுகிற படம் போட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்பவே சந்தேகம், அவங்க கலரே வேற என்று எழுதிய ஒரு அம்மாவும் இருக்கிறார். அவர் மாமியாரை ஆயுளில் பார்த்ததே கிடையாது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்துக்கொண்டேன். உறவு என்று தேடி வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, தாடையைப் பிடித்து எச்சில் எடுத்து, கடைசியில் செத்து அறுபது வருடமான ஒரு பொம்பளையின் மேல் துப்பிவிட்டுப் போனார்கள். நான் முதலில் சொன்ன அருவருப்பு இதுதான்.

மாமியார் அதைக் கேட்டுவிட்டார். அவர் தூங்குவதாக நினைத்தோம்.  மறுநாள் காலை கண் விழித்ததும், "எங்கம்மா அப்படிப்பட்டவளா?" என்று கேட்டார். இல்லை அத்தை, அவன் பொய் சொல்கிறான் என்றேன். "அப்புறம் ஏன் அந்த ஆளு அப்படிச் சொன்னான்?" என்றார். சமாதானம் சொல்லிக் கஞ்சி கொடுத்தேன். அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. என் பெயர் மறந்துவிடுகிறது, மகன் முகமே சில நாள் மறந்துவிடுகிறது, ஆனால் அந்த ஆள் சொன்னது மட்டும் கல்லில் வெட்டியது மாதிரி நின்றுவிட்டது. நான் சொல்லும் பதில் சாயங்காலம் வரைக்கும்கூடத் தங்குவதில்லை. பதில் கிடைக்காத நாள் கஞ்சியைத் தொடமாட்டார். உடம்பு பாதியாகிவிட்டது. வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு போன வாரம் மாப்பிள்ளையின் அண்ணன் மகள் எனக்குப் போன் செய்தாள். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், அதே கம்பெனியில் எப்போதோ எச்சில் கொடுத்து வைத்திருந்திருக்கிறாள். புதிதாக ஒரு நெருங்கிய சொந்தம் கிடைத்திருப்பதாக அவளுக்குச் செய்தி வந்ததாம். திறந்து பார்த்தால் என் மாமியாரின் பெயரும் போட்டோவும் இருந்ததாம்.

"அத்தை, சிரிக்காம கேளுங்க. உங்க மாமியார் எனக்குச் சித்தப்பா முறைன்னு வந்திருக்கு."

 அவளுக்கு இருக்கிற ஒரே சித்தப்பா எங்கள் மாப்பிள்ளைதான். அப்புறம்தான் அந்தப் பாத்ரூம் கதவுச் சத்தம் நினைவுக்கு வந்தது. உடனே நாத்தனார் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை நிற்கவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். நாத்தனாரே துடைப்பத்தைக் கையில் எடுத்த பிறகு உண்மையைச் சொன்னார். ஆணிவேர் முகம் வாடிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல் பாத்ரூமில் போய்த் தானே துப்பி நிரப்பினாராம். "இருபது வருஷமா இந்த வீட்டுல சாப்பிடுறேன், எல்லாம் ஒரே குடும்பத்து எச்சில்தானேன்னு நினைச்சேன் தங்கச்சி" என்றார். அந்த அட்டை அப்போதும் கழுத்தில் இருந்தது. நாத்தனார் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார்.

அதன் பிறகு அங்கிருந்தே ஆணிவேருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு, இது ஆண் எச்சிலாகத் தெரிகிறது, சரிதானா என்று கம்பெனியே முன்பு தன்னிடம் கேட்டதாகவும், மெஷின் கோளாறு என்று நினைத்துத் தான் 'சரி' என்று அழுத்திவிட்டதாகவும் அவரே உளறினார். அப்படியானால் குரூப்பில் தப்பு என்று பேசிப் போடுங்கள், அத்தைக்கு உங்கள் குரல்தான் மனதில் நிற்கிறது, அதே குரலில் அவர் காதில் ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்ப மாநாடு வைத்திருப்பதாகவும், வம்சாவளி மரம் அச்சாகிவிட்டதாகவும், இப்போது மாற்றினால் மற்றவர்களின் முடிவுகளையும் சந்தேகப்படுவார்கள் என்றும், அத்தைக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே, விட்டுவிடு தங்கச்சி என்றும் சொன்னார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் மாமியாரை எழுப்பினேன். வழக்கம்போல் கேட்டார். நான் பதில் சொல்லி, வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்து, அவர் துப்பியதை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை, நான் இன்றைக்கு லீவு போடுகிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்று மட்டும் சொன்னார். கல்யாணமானதிலிருந்து அவர் எனக்காகச் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மண்டபத்தில் சுவரை அடைத்து அந்த மரத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். மாமியாரின் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை இலை ஸ்டிக்கர் இருந்தது. மாப்பிள்ளையின் போட்டோ இருந்தது. நான் நேராக மேடைக்குப் போய், இப்போதே மாமியாருக்குப் போன் போட்டுத் தருகிறேன், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் வந்த வழியே போய்விடுகிறேன் என்றேன். ஆணிவேர் மைக்கை விடாமல், "தங்கச்சி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, அவங்களுக்கு யாராவது தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு வெடித்த உதடு ஞாபகம் வந்தது. டப்பாவைத் திறந்து அவர் சட்டையிலும் எதிரில் இருந்த லேப்டாப்பிலும் ஊற்றினேன்.

"நீங்க கேட்ட எச்சில். இதுல சந்தேகமே வேண்டாம், நானே கையில பிடிச்சது."

புகாரில் 'அடையாளம் தெரியாத திரவம்' என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள். அடையாளம் எனக்கு நன்றாகத் தெரியும். அமிலம் கிமிலம் எதுவும் இல்லை. நான் அவரை அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. லேப்டாப் கெட்டுப்போனது உண்மை. வருத்தமா என்று கேட்டதற்கு, மேடையைப் பெருக்கும் அம்மாவுக்கு வேலை வைத்தேனே என்று மட்டும் வருத்தம், அதையும் நானே துணி வாங்கித் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அவர் சொல்வதாகச் சொன்னீர்கள். கேட்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், எனக்கு ரோஷம் பார்க்க நேரமில்லை. ஆனால் அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை, உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஒரு நாள் போதாது. நல்லதைச் சாயங்காலத்துக்குள் மாமியார் மறந்துவிடுவார், மறுநாள் காலையில் முதலிலிருந்து கேட்பார். ஆகவே மறுநாளும் அவர் வர வேண்டும், அதற்கடுத்த நாளும் வர வேண்டும், மாமியார் இருக்கிற வரைக்கும் வர வேண்டும். உறவு என்று சொல்லிக்கொண்டுதானே வந்தார், வரட்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, இதில் கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. ஓரிடத்தில் உமிழ்நீர் என்று எழுதியிருந்ததை அடித்து எச்சில் என்று மாற்றச் சொன்னேன், மாற்றிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழேயும் இப்போதே போட்டுவிடுகிறேன், என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். மாமியார் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கும் நேரம் இது. எழுந்ததும் கேட்பார், பதில் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும்.

(ஒப்பம்)