தொரைக்குப் பேசுற தமிழ்

— சின்னதொரைகிட்ட என்ன சொல்லி அனுப்புன அழகுத்தாயி? ஒண்ணு விடாமச் சொல்லு.

— எப்பவும் பேசுறதுதான் மாமா. சூரியநெல்லிக்குப் போகணும்னாரு. "தொரை. கீழப் பாதை. நல்லது. போ"ன்னேன்.

— அம்புட்டுத்தானா?

— "ஆனை?"ன்னாரு. "இல்ல"ன்னேன். கையையும் ஆட்டிக் காட்டுனேன்.

— அடிப் பாவி. கன்னு போட்ட ஆனை ஓடைக்குள்ள நிக்கு, வெயில் சாஞ்சா பாதைக்கு ஏறும்னு காலையிலேயே சொன்னேன்ல?

— சொன்னீக. அதை அவருக்கு எப்படிச் சொல்ல? வடக்கத்தி ஆளு. கொஞ்சம் நீட்டிப் பேசுனா முழிக்கிறாரு. எஸ்டேட்டு லயத்து வீட்டுச் சனமே அவருகிட்ட வெட்டி வெட்டித்தான பேசுது. நீங்களும்தான், "தொரை தூங்கு, நான் காவல்"னு செவிடனுக்குச் சொல்ற மாதிரி கத்துறீக.

— அது தூக்கத்துக்கு. இது உசுருடி. நின்னு, அபிநயம் புடிச்சாவது சொல்லியிருக்க வேணாமா?

— பாதை மொகப்புல நீங்க தழை ஒடிச்சுப் போட்டிருந்தீகளே.

— தழை கெடந்தா உள்ள ஆனை நிக்குன்னு நமக்குத் தெரியும். அவரு கண்டாரா? குப்பைன்னு காலால தள்ளிட்டுப் போவாரு.

— தள்ளிட்டுத்தான் போனாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

— பாத்துக்கிட்டு நின்னியா? கூப்பிடலையா?

— கூப்பிடல.

— என்ன புள்ள பேசுற நீ? எப்பப் போனாரு?

— இப்பத்தான். மஞ்சு எறங்குறதுக்குக் கொஞ்சம் முன்ன.

— அந்தத் தகரத்தை எடு, நான் தட்டிக்கிட்டே ஓடுறேன். நீ தேயிலை பேக்டரிக்குப் போயி சங்கை ஊதச் சொல்லு. ஏய், கேக்குதா? பிளிறுது.

— கேக்குது.

— தகரத்தை நானே எடுத்துக்கிட்டேன், நீ மரமா நிக்கிற. பாசை தெரியாத மனுசன் அழகுத்தாயி. நம்மள நம்பித்தான அந்த வழியில எறங்குனாரு.

— நேத்து நம்ம மக மாரித்தாய பேரு கூப்பிடுற மஸ்டர் கொட்டகைக்குப் பின்னாடி மறிச்சாரு மாமா. நான் இந்தப் பக்கம் நின்னேன், அவரு பாக்கல. "நாளைக்கு ராத்திரி பங்களாவுக்கு வரலைன்னா உங்கப்பனுக்கு வேலையும் இருக்காது, உங்களுக்கு லயமும் இருக்காது, போடிமெட்டு எறங்கிப் பிச்சைதான் எடுக்கணும்"னாரு. எங்கேயும் திக்கல, நம்மளவிட நல்லாத் தமிழ் பேசுறாரு.