ரெண்டாவது பிரேக்

— இந்தாங்க சாவி. இனிமே நான் ஓட்ட மாட்டேன். மலை, காடு எல்லாம் தாண்டி கடல் வரைக்கும் வந்தாச்சு, போதும்.

— எங்கிட்ட எதுக்குக் குடுக்கற? திரும்பிப் போறப்பவும் நீதான் ஓட்டற.

— விளையாடாதீங்க. காலையில மலை இறக்கத்துல அந்த லாரி எதிர்ல வந்தப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. கண்ண இறுக்கி மூடிட்டேன். நீங்க மட்டும் உங்க பக்கத்து பிரேக்க அமுத்தலேன்னா மூணு பேரும் பள்ளத்துல கிடந்திருப்போம்.

— அதான் வண்டி நின்னுச்சே. விடு.

— அம்மா, நான் தண்ணியில கால் நனைக்கணும். அப்பா, நீயும் இறங்கி வாப்பா.

— நீ போடா தங்கம். அப்பா இங்கேருந்தே பாக்கறேன்.

— மலையில வண்டிய நிறுத்தினப்பவும் இதையேதான் சொன்ன. காட்டுல, அருவிகிட்டயும் இதையேதான் சொன்ன. சத்தியமா, டூர் வந்துட்டு வண்டிய விட்டே இறங்காத ஆளு நீ ஒருத்தன்தான்ப்பா.

— உங்கப்பாவுக்கு வண்டிதாண்டி உலகம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இல்லையா? லீவுல குடும்பத்தோட கெளம்பினாக்கூட ஸ்கூல் வண்டிதான், மண்டையில எல் போர்டு மாட்டிக்கிட்டு.

— இதுலதானே ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கு. உனக்கு தைரியமா இருக்கட்டும்னுதான் எடுத்துட்டு வந்தேன்.

— இருந்த தைரியமும் அந்த வளைவுலயே போச்சு. அதுக்கப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசல. கிளட்ச்ச விடு, கியர மாத்துன்னு ஓயாம நச்சரிக்கற மனுஷன், வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி வர்றீங்க. எம்மேல அவ்வளவு கோவமா?

— கோவமெல்லாம் ஒண்ணுமில்ல.

— பின்ன? திட்டறதா இருந்தா திட்டித் தொலைங்க. இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராதீங்க.

— நிதானம், நிதானம். டீ மிச்சம் இருந்தா ஊத்து.

— பேச்ச நல்லா மாத்துவீங்க. பாப்பா, பின்னாடி பிளாஸ்க் இருக்கு பாரு.

— நானே ஊத்தித் தர்றேன்மா. இந்தாப்பா, பிடிச்சுக்கோ... ஐயோ, கொட்டிடுச்சு. ஸாரிப்பா, ஸாரி.

— பரவால்ல. எங்கடா கொட்டின, சீட்லயா?

— உன் கால் மேலப்பா. செருப்பெல்லாம் டீ. ஆவி பறக்குது. உனக்குச் சுடலையா?

— சுடுது, சுடுது. லேசா.

— ஏங்க, எந்தக் கால்ல கொட்டிச்சு?

— என்ன கேள்வி இது?

— குனியாதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க. எந்தக் கால்?

— இடது கால்.

— இல்லப்பா, வலது கால்லதான் கொட்டிச்சு.

— பாப்பா, நீ போயி கால் நனைச்சுட்டு வா. என் கண்ணுல படற தூரத்துலயே நில்லு.

— போக மாட்டேன். அப்பாவுக்கு என்னாச்சு?

— ஒண்ணுமில்லடா. அப்பாவுக்கு கொஞ்ச நாளா கால் மரத்துப் போகுது. நாள் பூரா பிரேக் மேல கால வச்சுக்கிட்டே உக்கார்ற பொழப்பு, அதனாலன்னுதான் நெனச்சேன். டாக்டர், முதுகுல நரம்பு அமுங்குது, தள்ளிப் போடாம ஆஸ்பத்திரியில வந்து சேர்ந்துடுங்கன்னாரு. லீவு முடிஞ்சு வர்றேன்னுட்டேன். நீ கடல் கடல்னு பிராணன வாங்கிட்டு இருந்தியே.

— எங்கிட்ட சொல்லணும்னு தோணல உங்களுக்கு.

— சொன்னா நீ கெளம்பியிருப்பியா? ஸ்டியரிங்க உங்கிட்ட குடுத்துட்டா சமாளிச்சுடலாம்னு பாத்தேன். அவசரத்துக்கு எம்பக்கம் பிரேக் இருக்கேன்னு.

— குழந்தைய பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு, மரத்துப் போன கால நம்பி, மலையேத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. உங்கள நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு எனக்கு. அழுகை அழுகையா வருது.

— அம்மா, திட்டாதம்மா. அப்பா கண்ணு கலங்குது பாரு.

— கலங்கட்டும். ஏதோ நம்ம நல்ல நேரம், அந்த லாரி வந்தப்பவாவது அந்தக் கால் வேலை செஞ்சுதே.

— செய்யல.

— என்ன செய்யல?

— அமுத்தறேன்னுதான் நெனச்சேன், பல்லக் கடிச்சுக்கிட்டு. வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு. என்னடான்னு குனிஞ்சு பாத்தா, என் கால் பிரேக்க விட்டுத் தள்ளி சும்மா கிடக்குது.

— அப்போ வண்டி எப்படிங்க நின்னுச்சு?

— நீ கண்ண மூடிட்டு இருந்த. ஆனா உன் கால் பிரேக்க விடவே இல்ல.