திரும்பும்போது நாலு பேர்

அருவிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தாளில் எதையும் எழுதிக்கொள்வதில்லை. நினைத்தால் வண்டி கட்டுவார்கள், பாதி வழியில் உப்பை மறந்தது ஞாபகம் வரும், உச்சி வெயிலில் ஏறித் தலைவலியோடு திரும்புவார்கள். நான் அந்த ரகம் இல்லை, இன்ஸ்பெக்டர் அய்யா. இருபத்திரண்டு வருஷமாக மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞானரத்தினம் வாத்தியார் தெருவில் நடப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்கிறவர்கள் மடவார் வளாகத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

வழிகாட்டி வேல்சாமியை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அவன் கள் குடிக்கவில்லை, பாறையில் தூங்கவும் இல்லை. நானாகத்தான் வந்தேன், யாரும் அனுப்பவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் தங்கை கிருபாபாய்க்கு முப்பத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷம் காலராவில் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு. அன்றிலிருந்து நான்தான் அவளை வளர்த்தேன். காலையில் வெந்நீர், ஏழு மணிக்குக் காப்பி, பள்ளிக்கூடத்துக்குத் தூக்குவாளியில் சோறு, ராத்திரி காலுக்கு நல்லெண்ணெய், எல்லாவற்றையும் வேளை தவறாமல் செய்யப் பழகிக்கொண்டாள். மிச்ச நேரத்தில் தையல் மிஷினில் ரவிக்கை தைப்பாள். அவளுக்காகவே நான் கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள்.

வரன் வராமல் இல்லை. சாத்தூரிலிருந்து ஒரு உபதேசியார் மகன் வந்தான். பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று அவர்களுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். அவளுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. அந்த வீட்டில் மாமியார் பொல்லாதவள் என்று கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். இரண்டாவது வரனுக்கும் அதே கடுதாசியைப் பார்த்து எழுதி அனுப்பினேன். வேலை மிச்சம்.

பிறகு சூசை வந்தான். இராஜபாளையத்தில் மில்லில் பிட்டர். மிஷினில் நூல் அறுகிறது என்று நான்தான் ஆள் சொல்லி அனுப்பினேன், வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக. பத்து வருஷத்தில் ஒரே தடவை கெட்ட மிஷின், அவன் கை பட்ட பிறகு மாசம் இரண்டு தடவை கெட்டது. அடுப்படியில் கிருபா பாட்டு முணுமுணுப்பதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

நீங்கள் ஆர்.சி., நாங்கள் மிஷன் சபை, ஒத்துவராது என்றேன். "அதுக்கென்ன அண்ணாச்சி, ஒங்க கோயில்லயே கெட்டிக்கிடுதேன். சாமி ஒண்ணுதான" என்றான். சம்பளம் போதாது என்றேன். சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். வலிப்பு உண்டு என்று வாயாலேயே சொல்லிப் பார்த்தேன். "வந்தா பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, அவிய என்ன வேணும்னா வர வச்சிக்கிடுதாவ?" என்று சிரித்தான். நல்லவன்தான். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை சொல்ல நினைப்பவர் சொல்லலாம் என்று பாதிரி அய்யர் கேட்டுவிட்டுச் செத்த நேரம் காத்திருப்பார். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நான் முன்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்றார்கள். மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமைக்குத்தான் அருவிப் பயணத்தை வைத்தேன்.

திட்டம் எளிதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ஓடையோரமாக ஒன்றரை மணி நேர நடை. ஏற்றம் உண்டு, ஆனால் பெண்கள் மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய ஏற்றம். நான், கிருபா, சூசை, துணைக்குப் பள்ளிக்கூடத்து ஏசம்மாள் டீச்சர், வழிகாட்ட வேல்சாமி. புறப்பாடு எட்டு மணி. புளிச்சோறும் துவையலும் ஐந்து பொட்டலம். அட்டைக்கு ஒரு முடிச்சு உப்பு. மத்தியானம் ஒன்றரைக்குப் பெண்கள் குளியல், இரண்டரைக்கு ஆண்கள். நாலரைக்கு அடிவாரத்தில் பணியாரம். எல்லாவற்றையும் தாளில் எழுதி, அடுப்படிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினேன்.

இரண்டரை என்று ஏன் வைத்தேன் என்று கேட்பீர்கள். ஐப்பசி மாசம். என் வகுப்பு ஜன்னலிலிருந்து மேற்கே மலை தெரியும். மூன்று வாரம் பார்த்தேன். அநேகமாகத் தினமும் ஒன்றரை மணிக்கு மேல்மலை கறுக்கும். மூன்று மணிக்குள் ஓடையில் வெள்ளம் வந்துவிடும். கீழே ஊரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்.

அதற்காகத்தான் அருவியில் குளிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் குளிக்காமல் மேல்பாறையில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சருகு வந்தால், தண்ணீர் நிறம் மாறினால், ஒரு கூப்பாடு. அதைக் கேட்டதும் சோப்பு நுரையோடு கரையேறிவிட வேண்டும். கூப்பாடு வராதவரை குளிக்கிறவன் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மலைக்குப் போகிறவர்கள் அப்பன் சொல்லையும் மீறுவார்கள், பாறையில் இருக்கிறவன் சொல்லை மீற மாட்டார்கள். அங்கே உட்காருவது எப்போதும் வழிகாட்டியின் வேலை.

பெண்கள் குளித்துக் கீழே மரத்தடிக்குப் போனதும் நான் வேல்சாமியிடம், "ஏலே, கீழ கொரங்கு வந்து சோத்துப் பொட்டலத்த எடுத்துரும். பொம்பளைங்க பயப்படுவாங்க, நீ போய்ப் பாரு. இங்க நான் இருக்கேன்" என்றேன்.

"வாத்தியாரய்யா, தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்கணும். கண்ணு சிமிட்டக் கூடாது" என்றான்.

"எனக்கேவா பாடம்?" என்று சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

முதலில் ஒரு மஞ்சள் இலை வந்தது. பிறகு கைப்பிடி கைப்பிடியாகச் சருகு. தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிற்று. நான் எண்ணத் தொடங்கினேன், பழக்க தோஷம். நூற்றிருபது எண்ணியபோது மேலே கல் உருளும் சத்தம் கேட்டது. சூசை நின்ற இடத்திலிருந்து கரைக்குப் பத்து தப்படிகூட இருக்காது. அருவி இரைச்சலில் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. நான் அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

இல்லை, அது சரியில்லை. வாக்குமூலம் என்றால் முழுதாகச் சொல்ல வேண்டும். எழுபது எண்ணும்போது அவன் முகத்து நுரையை வழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணாச்சி, தண்ணி ஒரு மாதிரி கலங்குதே. ஏறிறவா?" என்றான்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ள. நல்லாக் குளிங்க" என்று குரல் கொடுத்தேன்.

மறுபடி தலைக்குச் சோப்புப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டான். நான் செய்தது பாவம், அய்யா. ராத்திரி பகல் என்றில்லை, உட்கார்ந்தால் நின்றால் அந்த மூடின கண்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்புக்குக் கீழே உடலை எடுத்தார்கள். மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை.

பாறையில் யார் இருந்தது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. வழிகாட்டிதான் இருப்பான் என்று எல்லாருக்கும் தெரியுமே, கள் குடித்துத் தூங்கிவிட்டான் என்றார்கள். குரங்கு விரட்டக் கீழே வந்தான் என்று ஏசம்மாள் டீச்சர் சொன்னபோதும், காவலை விட்டு வந்ததுதான் குற்றம் என்றார்கள். "வாத்தியாரய்யாதான் பாறையில இருந்தாவ, கேளுங்க" என்று வேல்சாமி அழுதானாம். வாத்தியார் மேலேயே பழி போடுகிறான் என்று அதற்கும் சேர்த்து ஏசினார்கள். நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

பத்து நாள் இப்படியே போயிருக்கும். மேலும் போயிருக்கும். நேற்று சாயங்காலம் கிருபா அடுப்படிச் சுவரிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"அண்ணே, நாலரை மணிக்குப் பணியாரம், ஆளுக்கு மூணு, மொத்தம் பன்னெண்டுன்னு எழுதிருக்கிய. போனது அஞ்சு பேருல்லா."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் போட்ட ஒரே தப்புக் கணக்கு. அது தப்பும் இல்லை என்பதுதான் சங்கடம்.

"அன்னைக்கே பாத்தேன். அண்ணன் கணக்குல பிசகிட்டாவன்னு பதினஞ்சாச் சுட்டேன்" என்றாள். "பதினஞ்சும் யாரும் தொடாமக் கெடந்துச்சு, அதுல மூணு அவிய பங்கு. அப்பக்கூட எனக்கு வெளங்கல பாருங்க."

அவள் அழவில்லை. "நாளைக்கு டேசனுக்கு நீங்க போறியளா, நான் போகட்டா?" என்று மட்டும் கேட்டாள். இன்று காலையில் வெந்நீரும் வைக்கவில்லை, காப்பியும் போடவில்லை. நான் செருப்பை மாட்டும்போது டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். "சூசை அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நான் அவியகூட இருக்கப் போறேன்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு, இராஜபாளையம் பஸ்ஸுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் இருக்கத்தான் செய்யும். இதோ அந்தத் தாள், வைத்துக்கொள்ளுங்கள். இது சாவி. கிருபா வந்தால் அவள் கையிலேயே கொடுங்கள், எப்படியும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடுவாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவள் தடுமாறக் கூடாது என்று வேளைவாரியாக வீட்டு வேலை எல்லாவற்றையும் இன்னொரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கணக்கைச் சரிபார்த்துவிட்டேன். ராத்திரிச் சோறு, அவளும் நானும், இரண்டு பேர்.