ஒற்றை ரிங்கின் பொருள்

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! நான் படிக்கட்டில் ஓடும்போதெல்லாம் "மெதுவா போம்மா" என்று கதவுக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும் செயலாளர் அவர்களே! வேலை முடிந்த களைப்போடு வந்து, பையைக்கூட மடியிலிருந்து இறக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை உற்றுப் பார்க்கும் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! இப்போது இந்த மேடையில் காலியாகக் கிடக்கிறதே அந்த நீல நாற்காலி, அதற்கு உரியவரான தொலைபேசி நிறுவன மேலாளர் ஐயா அவர்களே! இங்கே இருப்பவர்களுக்கும், இந்த நேரத்தில் கீழே இருப்பவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

பின்னால் வந்து அமர்ந்தவர்கள் "மேலாளர் எங்கே?" என்று ஒருவரையொருவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன்.

சற்று முன் அவர் இங்கே நின்று பேசினார். அழகாகப் பேசினார். என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறதே இந்த வரைபடம், இதை விரித்துக் காட்டினார். நம் தெருவும் சுற்றியுள்ள தெருக்களும் முழுவதும் ஆரஞ்சு நிறம். ஒரு பொட்டு இடம்கூட வெள்ளையாக இல்லை. "ஆரஞ்சு இருக்கிற இடமெல்லாம் சிக்னல் இருக்கும். எல்லா வீடும் ஒண்ணா எங்க பிளானுக்கு வந்துடுங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்: "சார், லிஃப்ட் குழியில எடுக்குமா?"

மேலாளர் சிரித்தார். "லிஃப்ட் குழியில போய் யாரும்மா உக்காந்து பேசப் போறாங்க?"

நீங்களும் சிரித்தீர்கள். கேட்டவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "நான்தான் சார்."

அவர் என் அம்மா.

மேலாளர் நல்ல மனிதர். மழுப்பவில்லை, நழுவவில்லை. "வாங்கம்மா, இப்பவே போய்ப் பாத்துடுவோம். அங்கேர்ந்தே கூப்பிடறேன். மைக் கிட்ட வச்சு எல்லாருக்கும் கேக்க வைங்க" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அம்மாவும் அவரும் நம் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போயிருக்கிறார்கள். வண்டிகள் நிறுத்துகிற இடத்தையும் தாண்டி, லிஃப்ட் குழியின் வாசல் வரைக்கும். அவர்கள் அழைக்க வேண்டிய போன் இதோ, இந்தத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. "பேச்சுப் போட்டிக்கெல்லாம் போற பொண்ணுதானே, போன் வர்ற வரைக்கும் ஏதாவது பேசு" என்று தலைவர் ஐயா என்னை மேடையேற்றிவிட்டார்.

ஆகவே, அவையோரே, நான் பாதி வாக்கியத்தில் நின்றால் போன் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பேசும்போது என் கண் டம்ளர் பக்கமே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாகமில்லை. பயமாக இருக்கிறது.

ஏன் பயம்? அம்மாவின் கால் உடைந்தது உங்களுக்குத் தெரியும். மாவுக்கட்டோடு அவர் படியேறியபோது தூக்கிவிட்ட கைகள் இங்கேயே இருக்கின்றன. கால் எப்படி உடைந்தது என்பதும் தெரியும். ஆனால் உடைந்த காலோடு அவர் ஏன் அவ்வளவு நேரம் அங்கேயே கிடந்தார்? கையில் போன் இருந்தும் ஏன் கிடந்தார்? அது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

என் அம்மா லிஃப்ட் மெக்கானிக். நாம் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்கிறோம். அந்தப் பெட்டிக்கு அடியில், நான்கு பக்கமும் கான்கிரீட் சூழ்ந்த ஒரு குழி இருக்கிறது. கம்பி அங்கே இருக்கிறது, கசிவு அங்கே இருக்கிறது, கிரீஸ் அங்கே இருக்கிறது. காற்றுகூடத் தயங்கித்தான் இறங்கும். அந்தக் குழியில் இறங்கி நிற்பதுதான் அவருடைய அலுவலகம்.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு தனி மொழி இருந்தது. அதற்கு எழுத்து கிடையாது, இலக்கணம் கிடையாது. ரிங் மட்டும்தான். அம்மாவின் பிளானில் பேச்சு நேரம் கொஞ்சம். ஒரு நொடி பேசினாலும் ஒரு முழு நிமிடமாகக் கழித்துக்கொள்ளும். "ஹலோ" என்றால் ஒரு நிமிடம். "கேக்குதா?" என்றால் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு நிமிடம். அதனால் ஒரு ரிங் விட்டு அம்மா கட் செய்தால், "வேலை முடிந்தது, கிளம்பிவிட்டேன்" என்று பொருள். இரண்டு ரிங் என்றால், "நேரமாகும், எனக்காகக் காத்திராமல் சாப்பிடுங்கள்." நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் மட்டும், "எடு, பேச வேண்டும்."

என்ன அத்தை? உங்கள் வீட்டிலும் அப்படித்தானா? கை தூக்குங்கள் பார்ப்போம், யார் யார் வீட்டில்... அடேயப்பா! இத்தனை வீடுகளா? இந்த அவையில் பாதிப் பேருக்கு என் தாய்மொழி தெரிந்திருக்கிறதே!

அப்படியானால் அந்த மொழியின் முதல் சட்டமும் உங்களுக்குத் தெரியும். முதல் ரிங்கில் எடுக்கக் கூடாது. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அப்பா, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். போன் லேசாக முனகினாலே மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துவார்: "ஏய், எடுத்துடாத! நிமிஷம் போயிடும்!" எடுக்காமல் இருப்பதுதான் எங்கள் வீட்டில் பொறுப்பு. எடுக்காமல் இருப்பதுதான் சிக்கனம். எடுக்காமல் இருப்பதுதான் அம்மாமேல் எங்களுக்கு இருந்த அன்பு.

இன்னும் போன் வரவில்லை. சரி.

அன்று மாலை. இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடைக் கட்டடம். கடைக்கு விடுமுறை. குழியில் தண்ணீர் ஊறுகிறது என்று அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். கூட வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். "பாத்துட்டு மட்டும் வந்துடறேன்" என்று அம்மா தனியாகப் போனார்.

வீட்டில் போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

"ஒண்ணு. முடிச்சுட்டா உங்கம்மா" என்று அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். அக்கா தட்டுகளை எடுத்து வைத்தாள். வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது.

சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒரு ரிங்.

"என்னப்பா, அம்மா ரெண்டு தடவை முடிச்சுட்டாங்களா?" என்றாள் அக்கா.

"கை பட்டிருக்கும்டி. பைக்குள்ள போட்டுக்கிட்டு நடந்தா அப்படித்தான்."

மறுபடியும் ஒரு ரிங்.

"இன்னைக்கு ஒரே குஷிதான் போல! வரும்போது எல்லாருக்கும் ஏதோ வாங்கிட்டு வர்றாங்க, பாருங்க!"

சிரித்தோம். நீங்களும் இப்போது சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும், அப்படித்தான் இருந்தது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மாவின் ரிங் எனக்குப் பழக்கம். முழுதாக ஒருமுறை பாடி முடித்த பிறகுதான் அவர் விரல் அதை நிறுத்தும். இந்த மூன்றும் பாதியிலேயே அறுந்திருந்தன, யாரோ வாயைப் பொத்தினதைப் போல.

நான் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். நான்காவது முறை அது அதிர்ந்த அந்தக் கணமே அழுத்தினேன்.

"ஏய்! எடுத்துடாதன்னு சொன்னேன்ல!"

எடுத்துவிட்டேன் அப்பா.

இரைச்சல். தண்ணீர் சலசலப்பு. "குழி" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

திருப்பி அழைத்தேன். ஓர் இனிமையான குரல், எந்தப் பதற்றமும் இல்லாத குரல், பதில் சொன்னது: நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

எல்லைக்கு வெளியேயா? எந்த எல்லைக்கு வெளியே? கடல் கடந்து போனாரா? காடு கடந்து போனாரா? கூப்பிடு தூரத்தில், இரண்டு தெரு தள்ளி, தினமும் நான் பள்ளிக்குப் போகிற வழியில், இதோ இந்த வரைபடத்தின் ஆரஞ்சு நிறத்துக்கு நட்டநடுவில் இருந்தாரே என் அம்மா! வரைபடத்துக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியுமா? ஆழம் தெரியாதா?

தலைவர் ஐயா, அவர்கள் லிஃப்டில் போனார்களா, படிக்கட்டில் போனார்களா? படிக்கட்டிலா? நன்றி அக்கா. சும்மாதான் கேட்டேன்.

அப்பா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே ஓடினார். கட்டடத்து வாசலில் காவலாளி, "லிஃப்ட் அம்மாவா? அவங்க அப்பவே போயிருப்பாங்களே" என்றார். எல்லோருக்கும் அம்மா போய்விட்டவர்தான். எல்லோரும் நிம்மதியாகத்தான் இருந்தோம். அப்பா லிஃப்ட் கதவில் அறைந்து கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஸ்பேனரால் தட்டும் சத்தம் வந்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்து கதவைப் பிளந்தபோது, அம்மா தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். ஏணியிலிருந்து வழுக்கிக் கால் மடங்கியிருந்தது. எழ முடியவில்லை, தண்ணீர் நெஞ்சு வரை ஏறியிருந்தது. ஒரு கை மட்டும் தலைக்கு மேலே, கதவிடுக்கை நோக்கி, போனைப் பிடித்தபடி நின்றது. அந்த இடுக்கருகில்தான் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிருக்கிறது. தூக்கி வெளியே கொண்டு வந்த பிறகும் அந்தக் கை கீழே இறங்கவில்லை. விறைத்துப் போயிருந்தது. அக்காதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

மருத்துவமனையில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் கட்டே பண்ணலையே. நீங்க எடுக்கற வரைக்கும் விடக் கூடாதுன்னுதானே புடிச்சுக்கிட்டிருந்தேன். முதல் மூணு தடவையும் ஏன் யாருமே எடுக்கல?"

அவையோரே! அம்மா சொன்னது, "ஓடி வாருங்கள்." எங்களை வந்து சேர்ந்தது, "கிளம்பிவிட்டேன்." அம்மா அலறினார், நாங்கள் தட்டு எடுத்து வைத்தோம். இடையில் நின்று சொல்லை மாற்றியது யார்? வஞ்சகன் இல்லை, பகைவன் இல்லை; வந்து வந்து போன ஒற்றைக் கோடு!

அதன் பிறகு அப்பா மெஷினை மூடிவைத்துவிட்டு, போன் கடையில் இருந்ததிலேயே பெரிய பிளானாகப் பார்த்து அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தார். இப்போது அம்மா எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். விடிய விடியப் பேசலாம். ஆனால் குழிக்குள் இறங்கினால்? கோடு இல்லை. பேச்சுக்குக் கணக்கில்லை என்று பெருமை பேசுகிறது விளம்பரப் பலகை. பேச வழியில்லை என்று பரிதவிக்கிறது அடித்தளம்! அளவில்லாத நிமிடங்களை அள்ளிக் கொடுத்தீர்கள். ஐயா, ஆபத்து நேரத்தில் எங்களுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கதவிடுக்கில் அறுந்து போகாமல் இருக்க வேண்டும்!

இது லிஃப்ட் மெக்கானிக் வீட்டுப் பெண்ணின் கவலை மட்டும்தானா? வேலை முடிந்து அடித்தளத்தில் தனியாக வண்டியை நிறுத்துகிறீர்களே அம்மா, அங்கே நின்று ஒருமுறை போனைப் பார்த்திருக்கிறீர்களா? நெஞ்சுவலிக்கு மாத்திரை போடுகிற பெரியவரே, நீங்கள் தினமும் ஏறி இறங்கும் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உங்கள் போன் எத்தனை ரிங் போகும்? உங்கள் வீட்டில் அதற்கு என்ன பொருள் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். எல்லா வீடும் இந்தப் பிளானில் சேர்வதாக இன்று போடவிருக்கும் தீர்மானத்தில் ஒரு வரியைச் சேருங்கள். அடித்தளத்திலும், லிஃப்டுக்குள்ளும், குழி வாசலிலும் சிக்னலைக் கொண்டு வரும் கருவியை நிறுவனம் முதலில் வைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நாமே நின்று பேசிப் பார்ப்போம். பேச்சு அறாமல் கேட்டால், அதன் பிறகு எல்லா வீடும் சேரும். நிறத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். குரலைக் கேட்டுப் போடுவோம்!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து. தட்டினால் போன் அடிப்பது கேட்காது.

கீழே ஒரு மாடிதானே? போய்ச் சேர இவ்வளவு நேரம் ஆகுமா? வாசல் வரைக்கும்தான், குழிக்குள் இறங்க மாட்டேன் என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்கு என் அம்மாவைத் தெரியும். "அங்க எடுக்கல, இன்னும் கொஞ்சம் கீழ பாப்போம்" என்று மேலாளர் ஐயா சொல்லியிருந்தால் முதலில் காலை வைப்பவர் அவர்தான். அந்தக் கால் இன்னும் முழுதாகச் சரியாக...

இதோ!

கேட்டீர்களா?

நின்றுவிட்டது. ஒரு ரிங். ஒரே ஒரு ரிங். எடுத்தேன், அதற்குள் அறுந்துவிட்டது.

"போய்ச் சேந்துட்டாங்கம்மா, நல்லாத்தான் இருப்பாங்க" என்கிறீர்களா மாமா? எப்படித் தெரியும் மாமா? சொல்லுங்கள், எப்படித் தெரியும்? இந்த ஒற்றை ரிங் "வந்துவிட்டோம்" என்கிறதா? "வாருங்கள்" என்கிறதா? இந்த அவையில் யாருக்காவது தெரியுமா? முழுத் தெருவையும் ஆரஞ்சாக்கிய அந்த வரைபடத்துக்குத் தெரியுமா?

எங்கள் வீட்டில் இப்போது ஒற்றை ரிங்குக்கு ஒரே பொருள்தான். போய்ப் பார்.

தலைவர் அவர்களே, அவர்கள் இரண்டு பேரும் இந்தப் படியேறி வந்து அமர்ந்த பிறகு வாக்கெடுப்பை நடத்துங்கள். அண்ணா, உங்கள் கையில் டார்ச் இருக்கிறதல்லவா, நீங்கள் என்னோடு வாருங்கள். அப்பா, நீங்களும் வாருங்கள். மற்றவர்கள் வழி விட்டால் போதும். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம். மைக்கை அணைத்துவிடாதீர்கள், போனை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறேன். மறுபடியும் அடித்தால், முதல் ரிங்கிலேயே யாராவது எடுத்துவிடுங்கள்!